பேக்ரவுண்டைச் சுருக்கி எழுதும்போது கவனம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வலைப்பக்கம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு இது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், மார்ஜின் என்ற வெளி இடைவெளியின் நான்கு மதிப்புகளும் மேல், வலம், கீழ், இடம் என்று வரும். பிரகாரம் சுற்றும் திசைதான்.

பின்னணியின் படம், நிறம், அளவு எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கிச் சொல்லும் பேக்ரவுண்ட் அவ்வளவு சாது இல்லை. அளவுக்கு மட்டும் பேக்ரவுண்ட்-சைஸ் என்று தனியாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே பேக்ரவுண்ட் என்று சுருக்கி எழுதினால், அதில் சொல்லாமல் விட்ட அளவு, ரிப்பீட் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். கோபுரப் படம் ஏன் வெட்டுப்படுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். சுருக்கம் முதலில், தனிப் பண்பு அப்புறம். நிறம் மட்டும் மாற வேண்டுமா? பேக்ரவுண்ட்-கலர் போதும்.

பாட்டிமார் கையில் பேரன் கொடுத்த பழைய ஐபோன் இருக்கும். ஒரு பெட்டி நான்கு பக்கமும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லும் இன்செட் என்ற சுருக்கம், ஐபோனின் உலாவியான சஃபாரியில், 2021இல் வந்த 14.1க்கு முந்தியவற்றில் வேலை செய்யாது. டாப், ரைட், பாட்டம், லெஃப்ட் என்று நான்காகவே எழுதிவிடுங்கள்.