ரத்தசோகை என்றாலே இரும்புச்சத்து மாத்திரைதானா?

ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்ததும் பலர் நேரே மருந்துக்கடைக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவே பெரிய காரணம், உண்மைதான். ஆனால் வைட்டமின் பி12, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், இந்த இரண்டில் எது குறைந்தாலும் ரத்தசோகை வரும். அதற்கு இரும்புச்சத்தை மாதக்கணக்கில் விழுங்கினாலும் பலன் இருக்காது.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அதிலேயே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 100-ஐத் தாண்டினால் பி12, ஃபோலேட் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். தாண்டவில்லை என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இரும்புச்சத்தும் கூடவே குறைந்திருந்தால் அது அணுக்களைச் சிறிதாக்கும். சராசரி சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஃபோலிக் ஆசிட், அதாவது மாத்திரையாக வரும் ஃபோலேட். பி12 குறைந்தவர் அதை மட்டும் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறலாம், சோர்வும் குறையலாம். குணமாகிவிட்டது என்று நம்பியிருக்கும்போதே நரம்புகள் கெட்டுக்கொண்டு போகும். முதலில் பாதம் மதமதக்கும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். பிறகு கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு தள்ளாடும், இருட்டில் நடை தடுமாறும், மறதி கூடும். வயசாகிவிட்டது என்று இதைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். நாள் கடந்தால் நரம்புச் சேதம் முழுவதும் சரியாகாமலே போகலாம். பி12 அளவு தெரியாமல் ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிடை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் எழுதித் தந்தது வேறு. அதை நிறுத்தக் கூடாது.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்" என்பதும் போதாது. பி12-ஐ குடல் உறிஞ்ச, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அது சுரக்காதவர்கள், இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் எதைச் சாப்பிட்டாலும் குறைபாடு வரலாம். அசைவம், பால், முட்டை எதையும் தொடாதவர்களுக்கும் அப்படியே. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான பி12 இருப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

நாலு பி12 ஊசி போட்டதும் தெம்பு வந்தது என்று நிறுத்துவது இன்னொரு தவறு. உறிஞ்சுவதில்தான் கோளாறு என்றால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டும்.

விடாத சோர்வு, வெளிறிய தோல், சிவந்து வழவழத்து எரியும் நாக்கு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பி12 மாத்திரையை அதற்கு முன்பே ஆரம்பித்தால் பரிசோதனை முடிவு குழம்பும். மதமதப்பு, தள்ளாட்டம், மனக்குழப்பம் என்றால் ஓரிரு நாளுக்குள் போய்விடுங்கள். நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயங்கி விழுதல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.