நல்லா உதைக்கிற ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்குறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

நம்ம சிங்கப்பூர் பசங்க முக்காவாசி பேருக்கு துப்பாக்கின்னா என்.எஸ்-ல (தேசிய சேவையில) புடிச்ச எஸ்.ஏ.ஆர் 21 ரைஃபிள்தான், குறி பாக்குற 1.5 மடங்கு ஸ்கோப் அதுலயே வரும், 5.56 மில்லிமீட்டர் குண்டு, சுடுறப்போ தோள்ல விழுற உதை பெருசா தெரியாது. அதே நெனப்புல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறவங்க .338 வின்செஸ்டர் மேக்னம்ங்கிற பெரிய தோட்டா போடுற ரைஃபிள் மேலயும் கைக்குக் கெடச்ச ஸ்கோப்ப மாட்டிடுறாங்க. அதோட உதை 30 அடி-பவுண்டுக்கும் மேல, தோள்ல விழுற அடி ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்புக்கும் விழுது.

ரொம்பப் பேர் ஏமாறுறது கண்ணாடிய பாத்துதான். கடையில எடுத்து எதிர் செவுத்தப் பாத்து, பளிச்சுன்னு இருக்கேன்னு வாங்கிடுவாங்க. ஆனா கெட்டுப்போறது பெரும்பாலும் லென்ஸ் இல்லீங்க, உள்ள இருக்குற எரெக்டர் டியூபும் (குறிய சரிபண்றப்போ அசையுற உள்குழாய்) அதத் தாங்குற ஸ்பிரிங்கும்தான், அது தளர்ந்தா வெளியில ஒண்ணும் தெரியாது, படம் அப்படியே அழகா இருக்கும், குண்டு மட்டும் ஒருநாள் இங்க ஒருநாள் அங்கன்னு போகும், நாம தோட்டா சரியில்லன்னு தோட்டாவ மாத்திக்கிட்டே இருப்போம்.

பெரிய ஸ்கோப்னா கெட்டின்னு நெனைக்காதீங்க. 6-24x50 (6-லருந்து 24 மடங்கு ஜூம், 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) மாதிரி கனமானத மாட்டினா உதைக்கிறப்போ அந்தக் கனம் மொத்தமும் ஸ்கோப்பப் புடிச்சிருக்குற ரிங்கையும் ஸ்க்ரூவையும்தான் இழுக்கும். புதர்க்காட்டுல கடமான் சுட 3-9x40 தாராளம், ஜூம் மாறாத 6 மடங்கு ஃபிக்ஸ்டுன்னா இன்னும் நல்லது, அசையுற பாகம் கம்மி. 30 மில்லிமீட்டர் குழாய்னு போட்டிருக்குறதால மட்டும் பலம் கூடிடாது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல 4 இன்ச் இடைவெளி கிடைக்கணும், 3 இன்ச் இந்த உதைக்குப் பத்தாது. நின்னுக்கிட்டு அளந்து மாட்டாதீங்க, படுத்துக்கிட்டு, ஜூம முழுசா வச்சு அளக்கணும், ஏன்னா பல ஸ்கோப்புல ஜூம் கூடுனா அந்த இடைவெளி குறையும். மேட்டப் பாத்து சுடுறப்போ முகம் இன்னும் கிட்ட போயிடும், அப்பதான் புருவம் கிழியுது.

மாட்டுறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. ஸ்க்ரூல எண்ணெய் இருந்தா துடைங்க, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பானர்) வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்க, நிறைய ரிங்குக்கு அது 15 முதல் 18 இன்ச்-பவுண்டுதான், கைபலத்துல முறுக்குனா குழாய் நசுங்கும். ரைஃபிள் மேல இருக்குற ரயில்ல (ரிங் மாட்டுற பட்டையில) வைக்கிறப்போ ரிங்க முன்பக்கமா தள்ளி ஒட்ட வச்சுட்டு இறுக்கணும், இல்லன்னா சுடச்சுட ஸ்கோப் முன்னாடி நகரும். ரிங் ஓரத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க, நகர்ந்தா உடனே தெரிஞ்சிடும்.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வீட்டுக்கு வரவச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, ஸ்கோப் மட்டும்னாலும் முன்னாடியே நம்ம போலீஸ்கிட்ட கேட்டுக்கோங்க. வேட்டையாடுற ஊர்லயே வாங்கி அங்கயே வைக்கிறது நல்லது.

அங்க போய் இறங்குனதும் மொத வேலையா ரேஞ்சுக்குப் போய் 100 மீட்டர்ல 3 குண்டு சுட்டுப் பாருங்க. விக்டோரியாவுல கடமானுக்கு .270 காலிபருக்கு (குண்டோட குறுக்களவு) கீழ உள்ளத வச்சு சுடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அடிபட்டு ஓடி அவஸ்தப்படக் கூடாதுன்னுதான். அந்த 3 குண்டும் கிட்டக்கிட்ட கூடி விழலன்னா அன்னைக்கு காட்டுக்குள்ள போகவே வேண்டாம்.