வளர்ந்துகொண்டிருக்கும் புறநகரில் எங்கே சாப்பிடுவது?

புதிது புதிதாக வீடுகள் எழும் புறநகரில், போன வருடம் நன்றாக இருந்த உணவகம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயர்ப்பலகை அதேதான், சமைப்பவர் மாறியிருப்பார். அதனால் கூகுள் மேப்பில் மொத்த நட்சத்திரத்தை நம்பாமல், விமர்சனங்களைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். திறக்கும் நேரமும் பல சமயம் பழையதாகவே கிடக்கும். தூரமென்றால் ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், பளபளப்பான புதிய சாலையை விட்டுப் பழைய சாலைக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். கட்டட வேலை செய்பவர்களும் ஓட்டுநர்களும் மதியம் எங்கே கூடுகிறார்கள் என்று கவனியுங்கள். கூட்டம் இருந்தால் சமைத்தது சீக்கிரம் தீரும், தேங்காது. இது ருசி விஷயம் மட்டுமில்லை. உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்தான். ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும் பாத்திரங்களைக் கண்டால் நான் அப்படியே திரும்பிவிடுவேன். ஆள் இல்லாத கடையில் நீளமான மெனு இருந்தாலும் அப்படித்தான்.

குடிப்பதற்கு, கொதிக்கக் கொதிக்க வருவது பாதுகாப்பு. குடிநீர்க் குழாய் இன்னும் எட்டாத பகுதி என்றால் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். உறைந்துவிட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடாது. சரி, முதல் தடவை போகும்போது கொஞ்சமாகவே ஆர்டர் செய்யுங்கள்.