செயற்கைக் கால் போடுபவர்கள் ஸ்டம்பைக் கவனிப்பது எப்படி?

செயற்கைக் கால் புதிதாகப் போட ஆரம்பித்திருக்கிறீர்களா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாக்கெட் (செயற்கைக் காலின் மேலே இருக்கும் குழிவான கூடு) அப்படியேதான் இருக்கும், உள்ளே போகிற ஸ்டம்ப்தான், அதாவது வெட்டியது போக மீதியிருக்கும் கால்தான், தினமும் மாறும். காலையில் கொஞ்சம் உப்பியிருக்கும், நடக்க நடக்க நீர் வடிந்து மதியத்துக்குள் இளைத்துவிடும், அதனால் காலையில் கச்சிதமாக உட்கார்ந்த கால் சாயங்காலம் லொடலொடவென்று ஆடும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வருடத்தில் இந்த இளைப்பு இன்னும் அதிகம். சர்க்கரை நோயால் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரோடு இருந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். தொடையில் எடுத்தவர்களுக்குச் சாக்கெட்டே வேறு மாதிரி.

இளைப்பைச் சரிக்கட்டத்தான் ஸ்டம்பின் மேல் மாட்டும் சாக்ஸ். கனத்தைப் பிளை கணக்கில் சொல்வார்கள்: 1, 3, 5 என்று கிடைக்கும். வெளியே போகும்போது பையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், கால் தளர்ந்ததாகத் தெரிந்ததும் எங்கேயாவது ஓரமாக உட்கார்ந்து ஒன்று கூடப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். போடும்போது சுருக்கம் இருக்கக் கூடாது, தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். சுருங்கிய சாக்ஸ் ஒரு மணி நேரத்தில் கொப்புளம் போட்டுவிடும்.

கூட்டுவதா குறைப்பதா என்று எப்படித் தெரியும்? சாக்ஸ் போதாவிட்டால் ஸ்டம்ப் ஆழமாக இறங்கி முட்டிச் சில்லின் கீழ் விளிம்பு அழுந்தும், நுனி சாக்கெட்டின் அடியில் இடிக்கும். அதிகமானால் ஸ்டம்ப் உள்ளே போகாமல் நுனி அந்தரத்தில் தொங்கும். அப்படியே விட்டால் நுனி வீங்கிக் கறுத்து, தோல் தடித்துச் சொரசொரவென்று ஆகிவிடும். நாங்கள் பார்க்கும் வழி இது: நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவை மெல்லிய பாலிதீன் கவரில் சுற்றிச் சாக்கெட்டின் அடியில் போட்டு, காலை மாட்டி, ஒரு நிமிடம் எடை கொடுத்து நின்று, கழற்றிப் பார்ப்போம். உருண்டை உருண்டையாகவே இருந்தால் நுனி அடியைத் தொடவில்லை, அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தால் ரொம்ப இறங்கிவிட்டது, லேசாக அமுங்கியிருந்தால் சரி. சிலர் ஸ்டம்பின் மேல் லைனர் என்ற மெத்தென்ற உறை போடுவார்கள்; அதன் அடியில் சாக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும் ஊசி (பின்) இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம் ராத்திரி. கழற்றியதும் ஸ்டம்பைப் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், புண் வந்தாலும் வலிக்காது. நுனியையும் பின்பக்கத்தையும் பார்க்கக் கைக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். சிவப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள் என்பார்கள், ஆனால் நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ பளபளவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள், புறங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே சதை தாங்கும் இடத்தில் கொஞ்சம் தடம் விழுவது இயல்புதான், பத்து இருபது நிமிடத்தில் மறைந்துவிடும். மறையாத தடமோ எலும்பு துருத்தும் இடத்தில் விழும் தடமோ இருந்தால் விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கு நுனியில் உளுந்து அளவு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது, ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அதோடு நடந்தார், ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

தோல் கிழிந்துவிட்டால் கட்டுப் போட்டு அதன் மேல் காலை மாட்டாதீர்கள், கட்டின் கனமே அந்த இடத்தை இன்னும் அழுத்தும். ஆறும்வரை வாக்கரோ ஊன்றுகோலோதான். சீழ், பரவும் சூடு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கழுவுவதும் ராத்திரியில்தான். காலையில் கழுவிய ஈரத்தோல் சாக்கெட்டில் ஒட்டி உரசும். மிதமான சோப்பு போட்டு, நன்றாக அலசி, தழும்பின் மடிப்பில்கூட ஈரமில்லாமல் ஒற்றியெடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், முடியை மழிக்கவும் வேண்டாம், மழித்தால் வேர்க்காலில் சீழ்க்கட்டி வரும். சாக்ஸையும் லைனரையும் தினமும் துவையுங்கள். வெயில் காலத்தில் மதியம் ஒரு தடவை கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு உலர்ந்த சாக்ஸ் போடுங்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும்தான், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல சாக்கெட்டும் உதவாது. ஆரம்ப மாதங்களில் கால் போடாத நேரத்தில் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றுங்கள், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கினால் நுனி வீங்கிக் குமிழ் மாதிரி ஆகிவிடும்.

பத்துப் பதினைந்து பிளை போட்டும் ஆடுகிறது என்றால் புதுச் சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது. சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்கிறார்கள், மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கால் செய்பவரிடம் போகும்போது வெறுமனே “வலிக்குது” என்று நிற்காதீர்கள். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போய் நின்றோம், போகப்போகப் பழகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை, தொந்தரவு வரும் சாயங்கால நேரமாகப் பார்த்து, வழக்கமாகப் போடும் சாக்ஸும் செருப்புமாக, அழுந்தும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு போனோம். செருப்பின் குதிகால் உயரம் மாறினால் அழுத்தம் விழும் இடமும் மாறும், அதனால் அதே செருப்பு முக்கியம். பிளாஸ்டிக் சாக்கெட் என்பதால் அந்த இடத்தைச் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளிக் கொடுத்தார்கள், அரை மணி நேர வேலைதான்.