முன்வாசலுக்கு எத்தனை பேவர் பிளாக்? எனக்கு 80 கல் குறைந்த கதையும் சரியான கணக்கும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்வாசலுக்கு நான் கணக்குப் போட்டு வாங்கியது 830 கல். கேட்டை நெருங்கும்போது தீர்ந்துவிட்டது. இன்னும் 80 கல் வேண்டும் என்றார் மேஸ்திரி. ஒரு குட்டியானை வண்டி வாடகை தண்டம். அதுகூடப் போகட்டும், இரண்டாவதாக வந்த கல்லின் சிவப்பு முதலில் வந்ததைவிட ஒரு சாயல் கருமை. இன்றும் வாசலில் நின்று பார்த்தால் எது எப்போது வந்தது என்று சொல்லிவிடலாம். பழி கடைக்காரர் மேல் இல்லை. பிழை என் துண்டுச் சீட்டில் இருந்தது.

அளப்பதற்கு 7.5 மீட்டர் எஃகு டேப் போதும். துணி டேப் இழுத்தால் நீளும், கைப்பேசிச் செயலி சுவர் நிழலைக் கூடச் சுவர் என்று நினைக்கும்; இரண்டையும் நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்து மனைகள் பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி நீளத்தை அளந்து, சுவருக்குச் செங்குத்தாக டேப் பிடித்து இரு முனைகளிலும் அகலத்தை எடுங்கள். காம்பவுண்டு சுவர் நேராக ஓடினால் இரண்டு அகலங்களின் சராசரி போதும். நடுவில் வளைந்தால் துண்டு துண்டாகப் பிரித்து அளக்க வேண்டும்.

என் அளவுகள்: நீளம் 22 அடி 10 அங்குலம். அகலம் ஒரு முனையில் 9 அடி 10 அங்குலம், மறுமுனையில் 8 அடி 2 அங்குலம்.

நான் சறுக்கியது இங்கேதான். சீட்டில் 22.10, 9.10, 8.2 என்று எழுதிவைத்து, அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டினேன். கால்குலேட்டருக்கு 22.10 என்றால் 22.1 தான், அடிக்கு 12 அங்குலம் என்பது அதற்குத் தெரியாது. 10 அங்குலம் என்பது 10-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 0.83 அடி. ஆக நீளம் 22.83, சராசரி அகலம் 9, பரப்பு 205.5 சதுர அடி. எனக்கு வந்ததோ 191. முன்வாசலில் 14 சதுர அடியைக் காணாமல் போக்கியிருக்கிறேன். இத்தனைக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு 94 வாங்கியவன்.

இப்போதெல்லாம் டேப்பின் மீட்டர் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். 6.96 மீட்டர் நீளத்தைச் சராசரி அகலம் 2.745-ஆல் பெருக்கினால் 19.1 சதுர மீட்டர். விலை பேசும்போது மட்டும் 10.764-ஆல் பெருக்கிச் சதுர அடியாக்கினால் போதும், கடையில் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

அடுத்தது கழித்தல். தண்ணீர்த் தொட்டி மூடி 4 சதுர அடி, தென்னைக்கு விட்ட இடம் 9 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 1.2 சதுர மீட்டர். மீதி 17.9. குழாய் வரும் ஓட்டை போன்ற சின்ன இடங்களைக் கழிக்காதீர்கள், அங்கே கல்லை வெட்டுவதில் சேதமாவதுதான் அதிகம்.

செங்கல் வடிவக் கல் 200 மி.மீ.க்கு 100 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கல். 17.9 × 50 = 895. மூட்டு இடைவெளியைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, கையிருப்பாக இருக்கட்டும். சேதாரத்துக்கு, சதுரமான இடத்தில் நேர் வரிசை என்றால் 5 விழுக்காடு. என்னுடையதைப் போல் கோணலான இடத்துக்கு 8. சாய்வாக 45 பாகையில் பதித்தால் 10. எனக்கு 8 சேர்த்து 967 கல் சொல்லியிருக்க வேண்டும். மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்காமல் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவையுங்கள். நாளைக்குக் குழாய் உடைந்து தோண்டினால் அதே நிறம் கிடைக்காது.

கல்லுக்கு அடியில் ஒன்றரை அங்குல எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) மெத்தை. தொட்டியும் தென்னையும் போக மீதியுள்ள 192.5 சதுர அடியை 1.5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 24 கன அடி. இறுகுவதற்கும் சிந்துவதற்கும் சேர்த்து 30 என்று வையுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, முழு யூனிட் இறக்கிவிட்டுத் தெருவை அடைக்க வேண்டாம். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு ஏறிக் கல்லில் வெள்ளை பூக்கும்.

பின்சேர்க்கை: ஜிக்ஜாக் கல்லுக்கு நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது என்று கொருக்குப்பேட்டை நண்பர் சொன்னார். உதைக்கத்தான் செய்யும், அவை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து உட்கார்பவை. ஆறு கல்லை வரிசையாகக் கோத்து வைத்து, முதல் கல்லின் இடது முனையிலிருந்து ஆறாவது கல்லின் இடது முனை வரை அளந்து 5-ஆல் வகுக்க வேண்டும். மேலிருந்து கீழாகவும் அப்படியே. இரண்டையும் பெருக்கினால் ஒரு கல் உண்மையில் பிடிக்கும் இடம் வரும்.

இன்னொரு பின்சேர்க்கை: 60 மி.மீ. கல்லும் மணலும் சேர்ந்து ஏறக்குறைய 4 அங்குலம். அந்த அளவுக்கு மண்ணைத் தோண்டி எடுக்காமல் மேலேயே பதித்துவிட்டார் ஒருவர். இப்போது அவர் வீட்டுக் கேட் உள்பக்கம் திறப்பதில்லை. கல்லுக்குக் கடையில் சொல்வதற்கு முன்பே கேட்டின் அடியில் டேப்பை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிடுங்கள்.