நாலு வரியில் போராட்டம்: எங்கே சறுக்குகிறோம்?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் சிங்கப்பூரில் கவிதை எழுதுவோருக்குக் கை பரபரக்கும். 'விடாமுயற்சி' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள், இந்த மாதிரிதான் வந்து குவியும்:

வியர்வை சிந்து
விதியை வெல்வாய்
விழுந்தால் எழு
விடியல் உனதே

மோனை பளிச்சென்று விழுகிறது. ஆனால் விழுந்தவர் யார், எங்கே விழுந்தார்? துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டிங் செய்பவருக்கும் இதைச் சொல்லலாம், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைக்கும் சொல்லலாம். அதுதான் இதன் கோளாறு.

இன்னொன்று, வெற்றியை அவசரமாகக் கையில் கொடுத்துவிடுவது. வள்ளுவரே எல்லா இடத்திலும் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. 'தெய்வத்தான் ஆகாதெனினும்' என்று தொடங்கும் 619ஆம் குறளில், உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நாம்தான் சிகரம், பீனிக்ஸ் பறவை என்று கிளம்பிவிடுகிறோம்.

சரி, வேறு எப்படி எழுதுவது? விடுதிகளில் தங்கும் கட்டுமான ஊழியர் பலருக்கு மதியச் சாப்பாடும் காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும். வேலையிடத்து வெக்கையில் கிடந்து, பிரிக்கும்போது குழம்பு புளித்திருப்பதும் உண்டு. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

விடியுமுன் கட்டிய சோறு
நண்பகலில் புளிக்கிறது.
போனில் அம்மா:
"சாப்பிட்டியாப்பா?"
"ஆச்சும்மா."

இதில் வியர்வை இல்லை, விதி இல்லை. அவர் சொல்லும் பொய்யிலேயே எல்லாம் இருக்கிறது. இங்கே பலருக்கும் கை நிற்காது, 'இதுவன்றோ தியாகம்!' என்று ஆறாவது வரி ஒன்றைச் சேர்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

'ஐயோ பாவம்' தொனியும் ஆகாது. 2014இல் வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே இங்கே கவிதைப் போட்டி தொடங்கியது; தங்கள் பாடுகளைத் தாங்களே எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் ஊழியரைப் பற்றி நீங்கள் எழுதினால், ஏசி பஸ்ஸில் இருந்து பார்த்தீர்கள் என்பதும் கவிதையில் தெரியட்டும். அவராகவே பேசும் 'நான்' உங்களுக்கு எதற்கு? உங்கள் வீட்டிலேயே இரவு ஷிப்ட் முடித்து வரும் அக்காவோ, அறுபதைத் தாண்டியும் டாக்சி ஓட்டும் மாமாவோ இருப்பார்கள். அவர்களை யாரும் எழுதுவதில்லை.

உரைநடையை உடைத்து வரிவரியாக அடுக்குவதைப் பற்றிச் சொல்லித் தீராது, விடுவோம். வெண்பாவில் இறங்குபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தளை, அதாவது சீரோடு சீர் இணையும் முறை, தட்டக்கூடாது; பாட்டின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். அதற்காகத் தேவையில்லாத ஏகாரத்தை ஒட்டி அடியை நிரப்புவது பழைய வியாதி. வரவில்லையென்றால் புதுக்கவிதையாகவே விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

எழுதியதை நாலு பேரிடம் வாசித்துக் காட்ட கவிமாலை போன்ற மாதச் சந்திப்புகள் உண்டு. ஆனால் ஐந்து வரிக் கவிதைக்கு ஐந்து நிமிட முன்னுரை கொடுக்காதீர்கள். "இவர் ஒரு கட்டுமான ஊழியர், அம்மாவிடம் பொய் சொல்கிறார்" என்று விளக்கிவிட்டு வாசித்தால், அப்புறம் கேட்பவருக்கு என்ன மிச்சம்? பேசாமல் இரண்டு முறை வாசியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை மாற்றுங்கள்.