நட்பு கோல்ஃப் போட்டியில் எல்லோருக்கும் வெற்றி வாய்ப்பு: ஹேண்டிகேப் கணக்கு முதல் பரிசு வரை

வழக்கமாக 82 அடிகளில் ஆட்டத்தை முடிக்கும் ஒருவரும் 115 அடிகள் எடுக்கும் ஒருவரும் ஒரே போட்டியில் ஆடுகிறார்கள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர் என்பதால், மொத்த அடிகளை மட்டும் எண்ணினால் யார் ஜெயிப்பார் என்பது முதல் பந்தை அடிக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த 33 அடி இடைவெளியைச் சரிக்கட்டி இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் சலுகை அடிகள்தான் ஹேண்டிகேப். இவ்வளவு அழகான ஏற்பாடு வேறு எந்த விளையாட்டிலும் இல்லை என்றே சொல்வோம். ஆனால் அரைகுறையாகச் செய்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

எதற்கும் முன்னால் ஒன்று: கீழே வரும் முடிவுகள் அத்தனையையும் எழுதி, ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் தெரிந்தபின் மாற்றுகிற விதி எவ்வளவு நல்லதானாலும், அது யாரோ ஒருவரைக் குறிவைத்ததாகவே தோன்றும்.

படி 1: யாரிடம் என்ன கணக்கு இருக்கிறது?

ஒரு வாரத்துக்கு முன்பே பெயர்ப் பட்டியல் எடுத்து, ஆடுபவர்களை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, முறையான ஹேண்டிகேப் இண்டெக்ஸ் உள்ளவர்கள். 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில், ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-இன் சராசரிதான் இண்டெக்ஸ். உச்சவரம்பு 54.0. இது ஒருவர் நன்றாக ஆடும் நாளின் அளவு. அதனால் பெரும்பாலான நாட்களில் அந்த அளவைவிட இரண்டு மூன்று அடிகள் கூடுதலாகவே போகும். புதியவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல், 'என் ஹேண்டிகேப் தப்பு' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகை, இண்டெக்ஸ் இல்லாதவர்கள், ஆனால் சில ஸ்கோர்கார்டுகள் வைத்திருப்பவர்கள். சமீபத்தில் 18 குழிகளும் ஆடிய மூன்று ஸ்கோர்களைக் கேளுங்கள். குறைந்ததிலிருந்து பாரை (திறமையானவர் எடுக்க வேண்டிய அடிகள் என்று வகுத்த எண்) கழித்து, மேலும் 2 கழியுங்கள். பார் 72 மைதானத்தில் 104, 99, 108 என்றால்: 99 − 72 = 27, அதில் 2 போக 25. மூன்றே ஸ்கோர்கள் உள்ளபோது உலக முறையும் இப்படித்தான் குறைந்ததை எடுத்து 2 கழிக்கிறது. மைதானத்தின் கடினத்தை இது பார்க்காது. நட்புப் போட்டிக்குப் போதும்.

மூன்றாம் வகை, எந்தக் கணக்கும் இல்லாதவர்கள். இவர்களுக்குப் படி 4-ம் படி 5-ம்.

படி 2: டீயைத் தேர்ந்து, அடிகளைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு குழியிலும் முதல் அடி அடிக்கும் இடம்தான் டீ. தொடக்க ஆட்டக்காரரைக் குழியிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள பின் டீயில் நிறுத்தினால் எத்தனை அடிகள் கொடுத்தாலும் அவருக்கு அது தண்டனைதான். எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஒருவர் 5 அயர்ன் என்ற மட்டையால் சாதாரணமாக அடிக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 140 யார்டு அடிப்பவருக்கு 5,040 யார்டு. மொத்த நீளம் அதை ஒட்டி வருகிற டீயைக் கொடுங்கள்.

பிறகு, அந்த டீக்கு ஸ்கோர்கார்டில் உள்ள கோர்ஸ் ரேட்டிங் (மிகத் திறமையானவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள்), ஸ்லோப் ரேட்டிங் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) இரண்டையும் எடுத்து இப்படிக் கணக்கிடுங்கள்:

இண்டெக்ஸ் × (ஸ்லோப் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்)

இண்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 126, கோர்ஸ் ரேட்டிங் 71.2, பார் 72 என்று வைத்துக்கொள்வோம். 18.4 × 126 ÷ 113 = 20.52. அதில் 0.8 குறைய 19.72. முழு எண்ணாக 20 அடிகள். வெவ்வேறு டீயில் ஆடுபவர்களுக்கும் இதே சூத்திரம்தான். கோர்ஸ் ரேட்டிங்கும் பாரும் உள்ளே வந்துவிடுவதால், முன் டீயில் நிற்பவருக்குக் கிடைக்கும் சலுகை தானாகக் கழிந்துவிடும். கடைசி அடைப்புக்குறியை விட்டுவிட்டுக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

30 பேர் அல்லது அதற்கு மேல் ஆடும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) இந்த எண்ணில் 95% மட்டும் கொடுப்பது வழக்கம். உயர்ந்த ஹேண்டிகேப் உள்ளவர்களின் ஸ்கோர் நாளுக்கு நாள் அதிகம் ஏறி இறங்கும். கூட்டம் பெரிதானால் அவர்களில் யாராவது ஒருவருக்கு அன்று அபார நாளாக அமைந்துவிடும். 30-க்குக் குறைவென்றால் முழு 100% கொடுங்கள்.

படி 3: புள்ளி முறையில் ஆடுங்கள்

நெட் ஸ்ட்ரோக் பிளே, அதாவது மொத்த அடிகளில் ஹேண்டிகேப்பைக் கழிப்பது, புதியவர்கள் கலந்த போட்டிக்கு நல்லதல்ல. ஒரே குழியில் 12 எடுத்தவரின் நாள் அங்கேயே முடிந்துபோகும். பின்னால் வருகிற குழுவும் காத்துக்கிடக்கும். இதற்கு மருந்து ஸ்டேபிள்ஃபோர்டு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உருவாக்கி, 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டியாக நடத்திய முறை இது.

ஒவ்வொரு குழியிலும் சலுகை அடிகளைக் கழித்தபின் புள்ளிகள்:

- பாரைவிட 2 குறைவு: 4
- பாரைவிட 1 குறைவு: 3
- பார்: 2
- பாரைவிட 1 அதிகம்: 1
- அதற்கு மேல்: 0

சலுகை அடிகள் எந்தக் குழிகளில் விழும் என்பதை ஸ்கோர்கார்டில் உள்ள ஸ்ட்ரோக் இண்டெக்ஸ், அதாவது குழிகளுக்கு 1 முதல் 18 வரை தரும் வரிசை எண், சொல்லும். 22 அடிகள் உள்ளவருக்கு எல்லாக் குழிகளிலும் ஒவ்வொன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 4 வரையுள்ள குழிகளில் இரண்டு. இண்டெக்ஸ் 3 உள்ள பார் 4 குழியில் அவர் 6 எடுத்தால் நெட் 4, இரண்டு புள்ளி. அங்கே ஏழாவது அடியிலும் பந்து குழிக்குள் போகாவிட்டால் புள்ளி கிடையாது. பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடியவருக்கு 36 புள்ளிகள் வரும்.

ஆடுபவர்கள் அடிகளை மட்டும் எழுதட்டும். புள்ளிகளை நீங்கள் போடுங்கள். பந்தைக் கையில் எடுத்துவிட்ட குழிக்கு ஒரு கோடு போதும். குழுவுக்குள் கார்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் ஸ்கோரை மற்றவர் எழுத வேண்டும். முலிகன் (தப்பாகப் போன அடியை எண்ணாமல் மறுபடி அடிப்பது) வேண்டாம், ஹேண்டிகேப் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான புட்டரின் பிடி நீளத்துக்குள் நிற்கும் பந்தை ஒரு அடி சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், அது எல்லாக் குழுவுக்கும் பொது.

படி 4: யாரிடமும் ஹேண்டிகேப் இல்லையென்றால்

அன்றைய ஸ்கோரிலிருந்தே ஹேண்டிகேப் எடுக்கும் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன.

சிஸ்டம் 36: பார் அல்லது அதைவிடச் சிறப்பாக ஆடிய குழிக்கு 2, போகிக்கு (பாரைவிட 1 அதிகம்) 1, டபுள் போகி (2 அதிகம்) அல்லது அதைவிட மோசத்துக்கு 0. கூட்டி, 36-இலிருந்து கழித்தால் ஹேண்டிகேப். 4 பார், 8 போகி, 6 டபுள் போகி எடுத்தவருக்கு 16 புள்ளி, ஹேண்டிகேப் 20. பார் 72-ல் அவர் ஸ்கோர் 92, நெட் 72. எளிதுதான், ஆனால் உள்ளே ஒரு சங்கதி இருக்கிறது: போகியும் டபுள் போகியும் முழுசாகக் கழிந்துவிடுவதால், நெட் ஸ்கோரைத் தீர்மானிப்பது பேர்டிகளும் (பாரைவிட 1 குறைவு) டபுள் போகியைத் தாண்டிய அடிகளும் மட்டுமே. ஆக, இது திறமையானவர் பக்கமே சாய்கிறது. சரிசெய்ய, குழிக்கு அதிகபட்சம் பார் + 3 என்று வரம்பு வையுங்கள்.

பியோரியா: பார் 3, 4, 5 ஒவ்வொன்றிலும் இரண்டாக ஆறு குழிகளை ரகசியமாகத் தேர்ந்து, உறையில் போட்டு ஒட்டுங்கள். ஆட்டம் முடிந்தபின் திறந்து, அந்த ஆறிலும் எடுத்த அடிகளை 3-ஆல் பெருக்கி, பாரைக் கழித்து, 80% எடுங்கள். ஆறு குழிகளில் 33 எடுத்தவருக்கு: 99 − 72 = 27; 80% என்றால் 21.6. அவர் மொத்தம் 101 அடித்திருந்தால் நெட் 79.4.

எந்தக் குழிகள் என்று தெரியாததால் யாரும் வேண்டுமென்றே சொதப்ப முடியாது. அதிர்ஷ்டத்தின் பங்கோ பெரிது. ரகசியக் குழி ஒன்றில், பார் 4-ல் 9 எடுத்தவர் 5 அடிகளை இழக்கிறார். ஆனால் 5 × 3 × 0.8, அதாவது 12 அடிகள் சலுகையாக வாங்கிவிடுகிறார். அதனால் ரகசியக் குழிகளின் ஸ்கோரையும் டபுள் போகியிலோ பார் + 3-லோ நிறுத்துங்கள். வரம்பு இல்லாத பியோரியாவை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

படி 5: அணியாக ஆடினால்

முதல் முறை மட்டையைப் பிடிப்பவர்கள் இருந்தால் நால்வர் ஸ்கிராம்பிள்தான் சரி. எல்லோரும் அடிக்கிறார்கள், சிறந்த பந்து நிற்கும் இடத்திலிருந்து எல்லோரும் மறுபடி அடிக்கிறார்கள். ஹேண்டிகேப் குறைந்தவரிலிருந்து வரிசைப்படுத்தி 25%, 20%, 15%, 10% எடுத்துக் கூட்டுங்கள். 8, 16, 24, 36 உள்ள அணிக்கு 2 + 3.2 + 3.6 + 3.6 = 12.4, அதாவது 12 அடிகள்.

அணிகளை நீங்களே பிரியுங்கள். விட்டால் நன்றாக ஆடும் நால்வர் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். பட்டியலை நான்கு அடுக்காக்கி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கூடவே, ஒவ்வொருவரின் டீ அடியும் குறைந்தது மூன்று குழிகளிலாவது பயன்பட வேண்டும் என்று விதியுங்கள். 12 குழிகள் இப்படிப் போனாலும் 6 மிச்சம் இருக்கும். இந்த விதி இல்லாவிட்டால் பலவீனமான ஆட்டக்காரர் 18 குழிகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பார்.

படி 6: சமநிலையும் பரிசும்

இருவர் ஒரே புள்ளியில் நின்றால் கடைசி 9 குழிகளின் புள்ளிகளை ஒப்பிடுங்கள்; அதுவும் சமமென்றால் கடைசி 6, பிறகு 3, பிறகு 18-ஆம் குழி. எந்தக் குழியில் தொடங்கியிருந்தாலும் இங்கே கடைசி 9 என்பது 10 முதல் 18 வரைதான்.

முதல் பரிசு நெட் அல்லது புள்ளி அடிப்படையில் இருக்கட்டும். சலுகையில்லாத சிறந்த ஸ்கோருக்கும் ஒன்று வையுங்கள். நன்றாக ஆடுபவருக்கும் ஓர் இலக்கு வேண்டுமல்லவா! இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மிகத் தொலைவு அடித்தவருக்கான பரிசை ஹேண்டிகேப் 18 வரை, அதற்கு மேல் என இரண்டாக்குங்கள்.

அதே குழு மறுபடி கூடுவதாக இருந்தால், மதிப்பிட்ட ஹேண்டிகேப்பில் ஆடி ஜெயித்தவருக்கு அடுத்த முறை 2 அடிகளும் இரண்டாமவருக்கு 1 அடியும் குறையுங்கள். 42 புள்ளிக்கு மேல் எடுத்தவரின் மதிப்பீடு நிச்சயம் தாராளமாகப் போயிருக்கிறது. அவருக்கு 3 அல்லது 4 குறைக்கலாம். கார்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். முழு ஆட்டங்கள் மூன்று, அதாவது 54 குழிகள் சேர்ந்துவிட்டால், புதியவர் முறையான இண்டெக்ஸ் வாங்கவே அந்த எண்ணிக்கை போதும்.